நான்காம் அலகைப் பிரிக்காமல் படியுங்கள்: புற்றுநோய் எதிர்ப்பியல் ஆய்வுக்குத் தயாராகும் கடலூர், புதுச்சேரி மாணவர்களுக்கு

ஆய்வு உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் தகுதிக்குமான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வின் உயிரறிவியல் பாடத்திட்டத்தில் மொத்தம் 13 அலகுகள். அவற்றில் நான்காம் அலகை மட்டும் எடுத்து நிதானமாகப் பாருங்கள். நோய்க்கிருமிக்கும் அது தங்கும் உயிரான ஓம்புயிரிக்கும் உள்ள உறவு, செல் சமிக்ஞை, செல்களுக்கு இடையிலான தொடர்பு, புற்றுநோய், உடலின் எதிர்ப்பாற்றல் ஆகிய ஐந்தும் அந்த ஒரே அலகுக்குள் வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு செல் இன்னொரு செல்லிடம் என்ன சொல்கிறது, அதைக் கேட்ட செல் என்ன செய்கிறது என்பதுதான் ஐந்துக்கும் பொதுவான கேள்வி. ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகளின் குறிப்பேடுகளை வாங்கிப் பார்த்தால், புற்றுநோய்க்கு ஒரு நோட்டு, எதிர்ப்பாற்றலைப் பற்றிய எதிர்ப்பியலுக்கு ஒரு நோட்டு, சமிக்ஞைக்கு இன்னொன்று என்று தனித்தனியாக இருக்கின்றன. ஒன்றில் எழுதியது மற்றொன்றுக்குத் தெரியாது. இந்தத் துறையில் நுழைய விரும்பும் யாரிடமும் நான் முதலில் சொல்வது, அந்த மூன்று நோட்டுகளையும் ஒன்றாக்குங்கள் என்பதைத்தான்.

நான் கடலூரில் வளர்ந்தவள். தேவனாம்பட்டினத்தில் உள்ள அரசுக் கல்லூரியில் விலங்கியல் படித்துவிட்டு, புதுச்சேரி காலாப்பட்டில் முதுகலை முடித்தேன். இப்போது புற்றுநோய்ச் செல்கள் எதிர்ப்பாற்றலிடமிருந்து எப்படித் தப்புகின்றன என்பதில் ஆய்வு செய்கிறேன். இந்தப் பாதையைப் பற்றி என்னிடம் கேட்கும் தம்பி தங்கைகளுக்கு வாய்மொழியாகச் சொல்லி வந்ததை இங்கே எழுத்தில் வைக்கிறேன்.

தேர்வின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று மணி நேரம், 200 மதிப்பெண். ‘ஏ’ பகுதியில் பொதுத்திறன் கேள்விகள் 20 வரும், 15-க்கு விடை எழுத வேண்டும். ‘பி’ பகுதியில் 50 வரும், 35 எழுத வேண்டும். இவ்விரண்டிலும் கேள்விக்கு இரண்டு மதிப்பெண். ‘சி’ பகுதியில் 75 வரும், 25 எழுதினால் போதும்; ஒவ்வொன்றுக்கும் நான்கு மதிப்பெண். தவறான விடைக்குக் கால்பங்கு கழியும். அதாவது மொத்த மதிப்பெண்ணில் சரிபாதி, 75 கேள்விகளில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த 25-ஐத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. பதின்மூன்று அலகுகளையும் மேலோட்டமாக ஓட்டுபவரைவிட, ஐந்தாறு அலகுகளை ஆழமாகப் படித்தவருக்கே இந்த அமைப்பு சாதகமானது. புற்றுநோய் ஆய்வுக்குப் போகிறவர்கள் முதல் நான்கு அலகுகளையும், மரபியலையும், கடைசி அலகான ஆய்வு முறைகளையும் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைசி அலகில் புரதங்களைக் கண்டறியும் எலைசா, வெஸ்டர்ன் பிளாட், செல்களை ஒவ்வொன்றாக ஒளியால் அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி எல்லாம் வருகின்றன. நான்காம் அலகில் ‘என்ன நடக்கிறது’ என்று படித்ததை ‘எப்படிக் கண்டுபிடித்தார்கள்’ என்று படிப்பது அங்கேதான்.

‘சி’ பகுதியை அச்சுறுத்தும் பகுதி என்பார்கள். எனக்குப் பிடித்த பகுதியே அதுதான். ஒரு கேள்வியை விரித்துக் காட்டுகிறேன். இது எந்த வினாத்தாளிலிருந்தும் எடுத்ததன்று. நான் மாணவர்களிடம் கேட்பதற்காக வைத்திருப்பது.

ஓர் எலியில் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற புரதத்துக்கான மரபணுவை நீக்கிவிட்டார்கள். அந்த எலியின் ரத்தத்தில் எந்தச் செல்கள் குறைவாக இருக்கும்?

மனப்பாடம் செய்தவர் பட்டியலைத் தேடுவார். நீங்கள் அந்தப் புரதத்தின் வேலையிலிருந்து தொடங்குங்கள். செல்லுக்குள் உள்ள புரதத் துண்டுகளை வெளியே காட்டும் எம்.எச்.சி. முதல் வகுப்பு மூலக்கூறு தன் வடிவத்தில் நிற்கவும் செல்லின் மேற்பரப்புக்கு வரவும் இந்தச் சிறு புரதத்தின் துணை வேண்டும். அது இல்லாவிட்டால் முதல் வகுப்பு மூலக்கூறு மேற்பரப்பில் அநேகமாக இராது. நெஞ்சிலுள்ள தைமஸ் சுரப்பியில் வளரும், நோயுற்ற செல்லைக் கொல்லும் சிடி8 டி செல்கள் தேர்ச்சி பெற்று வெளியே வருவதற்கு அந்த மூலக்கூறைப் பார்த்தாக வேண்டும். பார்க்க ஒன்றும் இல்லை என்றால் அவை தேறுவதில்லை. ஆகவே சிடி8 செல்கள் மிகவும் குறைந்துவிடும். மற்ற எதிர்ப்பாற்றல் செல்களுக்கு உதவும் சிடி4 டி செல்களுக்கு இரண்டாம் வகுப்பு மூலக்கூறே போதும் என்பதால் அவை இருக்கும். விடை கிடைத்துவிட்டது.

இங்கே நிறுத்திவிடாதீர்கள். அடுத்த கேள்வியை நீங்களே கேளுங்கள். இதே எலியின் எலும்பு மஜ்ஜையை அதே இனத்தைச் சேர்ந்த சாதாரண எலிக்குள் செலுத்தினால் என்ன ஆகும்? அந்தச் சாதாரண எலியின் என்.கே. செல்கள், அதாவது இயற்கைக் கொல்லிச் செல்கள், அந்த மஜ்ஜையை அழித்துவிடும். முதல் வகுப்பு மூலக்கூறு இல்லாத செல்லைக் கண்டால் என்.கே. செல் சந்தேகப்படும். சொந்த அடையாளம் காணாமல் போனதையே குறியாகக் கொள்கிறது என்ற இந்தக் கருத்தை 1980-களில் ஸ்வீடனின் கிளாஸ் கேரே முன்வைத்தார். இனி மூன்றாவது கேள்வி: ஒரு புற்றுநோய்ச் செல் தன் பீட்டா-2 மைக்ரோகுளோபுலினை இழந்தால் அதற்கு லாபமா, நட்டமா? சிடி8 செல்களின் கண்ணிலிருந்து தப்பிவிடும், லாபம். என்.கே. செல்லிடம் மாட்டிக்கொள்ளக்கூடும், நட்டம். எது வெல்லும் என்பது அந்தக் கட்டியைச் சுற்றி எந்தச் செல்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது.

இது வெறும் எலிக் கதையன்று. மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்க்கு, டி செல்லை அடக்கும் பிடி-1 புரதத்தைத் தடுக்கும் மருந்து பெற்று நன்றாகக் குணமடைந்து வந்த சில நோயாளிகளுக்கு நோய் திரும்பியபோது, அந்தக் கட்டிகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். ஒருவரின் கட்டியில் இதே பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் மரபணு சிதைந்திருந்தது. வேறு இருவரின் கட்டிகளில் செல்லுக்குள் சமிக்ஞையைக் கடத்தும் ஜாக்1, ஜாக்2 மரபணுக்கள் செயலிழந்திருந்தன. ஜாக் என்றதும் உங்கள் மூன்றாவது நோட்டு நினைவுக்கு வர வேண்டும். டி செல் வெளியிடும் இன்டர்ஃபெரான்-காமா, ஏற்பியில் சேர்ந்து, ஜாக்1, ஜாக்2 வழியாக ஸ்டாட்1-ஐத் தூண்டி, எம்.எச்.சி. உற்பத்தியைக் கூட்டும், செல் பெருக்கத்தையும் மட்டுப்படுத்தும். அந்தப் பாதை அறுந்த புற்றுநோய்ச் செல்லுக்கு டி செல்லின் அந்த உத்தரவு எட்டாது. ஒரே ஒரு கேள்வியை விடாமல் பின்தொடர்ந்ததில் சமிக்ஞை, எதிர்ப்பியல், புற்றுநோய் மூன்றும் ஒன்றாக வந்து நின்றுவிட்டன பாருங்கள். இப்படிப் பத்துப் பதினைந்து மூலக்கூறுகளைப் படித்துவிட்டால் நான்காம் அலகு உங்கள் கைக்குள் வந்துவிடும். பி53, ஆர்.பி., ராஸ், சிடி28, சிடிஎல்ஏ-4, பிடி-1, ஃபாக்ஸ்பி3, டேப் ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரே வரிசை: இது இல்லாவிட்டால் என்ன ஆகும், அதிகமானால் என்ன ஆகும், இதை யார் எந்தச் சோதனையில் கண்டார்கள்.

சோதனைகளின் வரலாற்றையும் சேர்த்தே படியுங்கள் என்பது அதனால்தான். டி செல்லைத் தூண்ட சிடி28 என்றும், அடக்க சிடிஎல்ஏ-4 என்றும் ஒரே வரியில் எழுதிவிடலாம். ஆனால் 1990-களில் சிடிஎல்ஏ-4 தூண்டுகிறதா, அடக்குகிறதா என்பதே விவாதமாக இருந்தது. அது பிரேக்தான் என்றால், அந்த பிரேக்கை ஓர் எதிர்ப்பொருளால் செயல்படாமல் தடுத்துவிட்டால் டி செல் கட்டியைத் தாக்க வேண்டுமே என்று ஜேம்ஸ் அலிசன் குழுவினர் யோசித்தார்கள். எலிகளில் கட்டிகள் கரைந்ததை 1996-இல் வெளியிட்டார்கள். அந்த வழியில் வந்த இபிலிமுமாப் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைக்க 2011 ஆனது. ஜப்பானில் டசுக்கு ஹோன்ஜோ ஆய்வகம் பிடி-1-ஐ 1992-இல் கண்டது, வேறொன்றைத் தேடும்போது. இருவருக்கும் 2018-இல் நோபல். புற்றுநோய்ச் செல்லின் பொதுப் பண்புகளை ஹனஹானும் வைன்பெர்க்கும் 2000-இல் தொகுத்தபோது எதிர்ப்பாற்றலிடமிருந்து தப்புதல் அந்த ஆறில் இடம்பெறவில்லை. 2011-இல் அதே இருவர் திருத்தி எழுதியபோதுதான் சேர்த்தார்கள். அவ்வளவு அண்மைக் காலம் வரை இரண்டும் தனித்தனி நோட்டுகளாகவே உலகத்திலும் இருந்தன. 2025 நோபலும் எதிர்ப்பியலுக்கே கிடைத்தது. அடக்கும் டி செல்களைக் கண்ட சகாகுச்சி, ஃபாக்ஸ்பி3 மரபணுவைக் கண்ட பிரன்கோ, ராம்ஸ்டெல் ஆகியோருக்கு. பல கட்டிகள் அந்த அடக்கும் செல்களைத் தம்மிடம் வரவழைத்து வைத்துக்கொள்கின்றன என்பதால், இதுவும் உங்கள் பாடம்தான்.

நம் நாட்டிலும் இதன் கை நீண்டிருக்கிறது. நோயாளியின் டி செல்லை எடுத்து, மரபணு மாற்றி, பெருக்கி, திரும்பச் செலுத்தும் கார்-டி சிகிச்சையில் உள்நாட்டிலேயே உருவான நெக்ஸ்கார்19-க்கு 2023-இல் அனுமதி கிடைத்தது. மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மையமும் சேர்ந்து செய்த வேலை. பிஎச்.டி. சேர்க்கைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போகும்முன், அந்தச் சிகிச்சை பி செல்களின் மேற்பரப்பில் உள்ள சிடி19-ஐக் குறிவைப்பது ஏன் என்று உங்களால் விளக்க முடிய வேண்டும். பி செல்கள் முழுவதும் போனாலும் நோயாளியால் சமாளிக்க முடியும். கல்லீரலிலும் நுரையீரலிலும் இருக்கும் ஒரு புரதத்தைக் குறிவைத்தால் சமாளிக்க முடியாது. திடமான கட்டிகளில் கார்-டி இன்னும் தடுமாறுவதற்கான காரணங்களில் முக்கியமான ஒன்று இது.

இப்போது நேர்முகத் தேர்வு. இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடலூர், விழுப்புரம், சிதம்பரம் பக்கம் முதுகலை முடிப்பவர்களில் பலருடைய புராஜெக்ட் ஒரே மாதிரி இருக்கும். ஒரு மூலிகையின் இலைச்சாறு, ஆய்வகத்தில் வளர்க்கும் எம்சிஎஃப்-7 அல்லது ஹீலா புற்றுநோய்ச் செல்கள், எம்.டி.டி. சோதனை, செல்களின் உயிர்ப்பைப் பாதியாகக் குறைக்கும் அளவான ஐ.சி.-50 மதிப்பு. அதில் தாழ்வு ஒன்றும் இல்லை. தேர்வுக் குழுவினர் அதை எடுத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போவார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். என் நேர்முகத் தேர்வில் பேராசிரியர் ஒருவர் கேட்டார்: “உங்கள் சாறு செல்களைக் கொன்றது என்கிறீர்கள். இறந்தன என்று எப்படித் தெரியும்?”

எம்.டி.டி. என்பது மஞ்சள் நிற உப்பு. உயிருள்ள செல்லின் நொதிகள் அதை ஊதா நிறப் படிகமாக மாற்றும். அதைக் கரைத்து 570 நானோமீட்டரில் நிறச்செறிவை அளக்கிறோம். ஊதா குறைந்தால் செல்கள் இறந்திருக்கலாம், பெருகாமல் நின்றிருக்கலாம், உயிரோடு இருந்தும் வளர்சிதை மாற்றம் மந்தமாகியிருக்கலாம். ஆகவே, “எம்.டி.டி. மட்டும் வைத்துக்கொண்டு இறந்தன என்று சொல்ல முடியாது ஐயா, செல் இறப்பைக் காட்டும் அனெக்சின்-5, புரோப்பிடியம் அயோடைடு இரண்டையும் ஏற்றி ஃப்ளோ சைட்டோமெட்ரியில் பார்க்க வேண்டும்” என்றேன். அவர் அத்துடன் விடவில்லை. “செல்லே இல்லாத குழியில் உங்கள் சாற்றையும் எம்.டி.டி.யையும் சேர்த்துப் பார்த்தீர்களா?” என்றார். பல இலைச்சாறுகளில் உள்ள பாலிஃபீனால்கள் செல்லின் உதவியின்றியே எம்.டி.டி.யை ஊதாவாக்கிவிடும். அந்தக் கன்ட்ரோல் குழி இல்லாத எம்.டி.டி. முடிவை நம்பக் கூடாது. உங்கள் புராஜெக்ட் இன்னும் முடியவில்லை என்றால், நாளைக்கே அந்தக் குழியைச் சேர்த்துவிடுங்கள்.

உங்கள் செல்லின் ஜாதகத்தையும் தெரிந்துகொண்டு போங்கள். எம்சிஎஃப்-7 செல்கள் 1970-இல் மார்பகப் புற்றுநோய் கண்ட கன்னியாஸ்திரி ஒருவரின் நுரையீரல் உறையில் சேர்ந்த நீரிலிருந்து எடுக்கப்பட்டவை. ஈஸ்ட்ரோஜென் ஏற்பி உடையவை. முக்கியமாக, செல் இறப்பை நடத்தும் கேஸ்பேஸ்-3 புரதம் அவற்றில் கிடையாது; அதற்கான மரபணுவில் ஒரு துண்டு இல்லை. எம்சிஎஃப்-7-இல் கேஸ்பேஸ்-3 வழியாகச் செல் இறப்பு நடந்தது என்று எழுதிய ஆய்வேட்டைக் கையில் வைத்துக்கொண்டு குழுவின் முன் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஹீலா என்றால், 1951-இல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பை வாய்ப் புற்றிலிருந்து அவருடைய ஒப்புதல் கேட்காமலே எடுத்தவை. அவற்றில் பாப்பிலோமா வைரஸ் 18-ஆம் வகையின் மரபணுக்கள் இருக்கின்றன. வைரஸின் இ6 புரதம், புற்றுநோயைத் தடுக்கும் பி53 புரதத்தைச் சிதைத்துக்கொண்டே இருக்கும். இந்த இரண்டு வரிகள் தெரிந்தால், உங்கள் முடிவை இரண்டு செல்களிலும் வேறு வேறாகப் படிக்கத் தெரியும்.

குழுவின் கடைசிக் கேள்விதான் என்னை இந்த ஆய்வுத் தலைப்புக்கே கொண்டுவந்தது. “உங்கள் தட்டில் எதிர்ப்பாற்றல் செல் ஒன்றாவது இருந்ததா?” இருக்கவில்லை. நோயாளியின் உடலில் மருந்து அப்படித் தனியாக வேலை செய்வதில்லை. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை வார்டுகளில் நோயாளிகள் ‘சிவப்பு மருந்து’ என்று சொல்லும் டாக்ஸோரூபிசின், புற்றுநோய்ச் செல்லைக் கொல்லும்போதே அந்தச் செல்லின் மேற்பரப்பில் கால்ரெட்டிகுலின் என்ற புரதத்தைத் தோன்றச் செய்கிறது. விழுங்கியதை டி செல்களுக்குக் காட்டும் டென்ட்ரைட்டிக் செல்களுக்கு அது ‘என்னை விழுங்கு’ என்ற அறிவிப்பு. விழுங்கியவை டி செல்களை எழுப்புகின்றன. எல்லா மருந்துகளுக்கும் இந்தக் குணம் இல்லை. செல் செத்ததா என்பதோடு, எப்படிச் செத்தது என்பதையும் எதிர்ப்பாற்றல் கவனிக்கிறது. எனக்கு இன்றும் இது வியப்பாகவே இருக்கிறது.

புராஜெக்டில் செல் வளர்ப்பு வேலையைத் தனியார் ஆய்வகத்தில் பணம் கட்டிச் செய்து வாங்குவது நம் பகுதியில் வழக்கம். பல கல்லூரிகளில் கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டர் இல்லை. மாணவர்களை எப்படிக் குறை சொல்வது? பணம் கட்டினாலும், முடிவை மின்னஞ்சலில் பெற்றுக்கொண்டு உட்காராதீர்கள். நேரில் போய் நில்லுங்கள். ட்ரிப்சின் போட்டதும் செல்கள் உருண்டு தட்டிலிருந்து கழல்வதைக் கண்ணால் பாருங்கள். ட்ரைபான் நீலத்தில் இறந்த செல் மட்டும் நீலமாவதைப் பார்த்து, ஹீமோசைட்டோமீட்டரில் நீங்களே எண்ணிப் பாருங்கள்.

வாய்ப்புக் கிடைத்தால் ஒரு முறையாவது ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரியுங்கள். இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. குழாயின் அடியில், செல்களை அடர்த்தியால் பிரிக்கும் தெளிந்த ஃபைகால் திரவம். அதன்மேல், நீர்த்த ரத்தத்தைக் குழாயின் சுவரை ஒட்டி, இரண்டும் கலந்துவிடாமல், மெதுவாக விட வேண்டும். விரல் நடுங்கினால் கோடு கலைந்துவிடும். 400 ஜி விசையில் அரை மணி நேரம் சுழலவிட்டு எடுத்தால், அடியில் சிவப்பணுக்கள், அதற்குமேல் ஃபைகால், மேலே மஞ்சள் பிளாஸ்மா. ஃபைகாலுக்கும் பிளாஸ்மாவுக்கும் நடுவில் மெல்லிய வெண்புகை போல ஒரு வளையம் நிற்கும். டி, பி, என்.கே. செல்களும் மோனோசைட்டுகளும் அந்த வளையத்தில்தான் இருக்கின்றன. சுழற்சியை நிறுத்தும்போது இயந்திரத்தின் பிரேக்கைப் போடக் கூடாது. போட்டால் அடுக்குகள் கலங்கிவிடும். “பிரேக்கை ஏன் நிறுத்தி வைத்தீர்கள்?” என்பது நேர்முகத் தேர்வுகளில் கேட்கப்படுகிற கேள்வி. செய்தவர் தயங்காமல் சொல்லிவிடுவார்.

இதற்கெல்லாம் சென்னைக்கோ பெங்களூருக்கோ போனால்தான் முடியும் என்ற எண்ணம் நம் பெற்றோரிடம் இருக்கிறது. கடலூரில் பாண்டி பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் புதுச்சேரி. காலாப்பட்டில் 1985 முதல் மத்தியப் பல்கலைக்கழகம். கோரிமேட்டில் ஜிப்மர், அங்கே மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது, பிஎச்.டி. படிப்பும் இருக்கிறது. தெற்கே சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறை, ஹாம்ஸ்டர் என்னும் எலி போன்ற விலங்கின் கன்னப்பையில் டிஎம்பிஏ என்ற வேதிப்பொருளைத் தடவி வாய்ப் புற்றுநோயை உருவாக்கி ஆராயும் முறையில் நீண்டகாலமாகக் கட்டுரைகள் வெளியிட்டு வருகிறது. புகையிலை மெல்லும் நம் மக்களின் நோய்க்கு நேரடியாகத் தொடர்புள்ள வேலை அது. பி.எஸ்சி., எம்.எஸ்சி. படிக்கும்போதே மூன்று அறிவியல் அகாதெமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். ஆண்டின் இறுதி மாதங்களில் அறிவிப்பைத் தேடிக்கொண்டே இருங்கள். இரண்டு மாதம் ஒரு நல்ல ஆய்வகத்தில் இருந்து வந்தவரின் பேச்சே வேறாக இருக்கும்.

நெட் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் இதை நினைத்துத் துவண்டுபோவதைப் பார்த்திருக்கிறேன். பாடத்தை ஆங்கிலத்தில் வாசியுங்கள். வாசித்ததை வீட்டில் யாரிடமாவது தமிழில் விளக்குங்கள். டி செல் தைமஸில் எப்படித் தேறுகிறது என்பதை அம்மாவுக்குப் புரியும்படி சொல்ல முடிந்தால், ‘சி’ பகுதியில் வாக்கியத்தை எப்படித் திருப்பிப் போட்டாலும் உங்களுக்குப் பிடிபடும். நெல்லிக்குப்பத்திலிருந்து வந்த ஒரு தங்கை, “அக்கா, தமிழில் சொல்லிப் பார்க்கும்போதுதான் எந்த இடத்தில் எனக்குப் புரியவில்லை என்பதே தெரிகிறது” என்றாள். அவள் கண்டது சரி.

வீட்டாரிடம் பேச வேண்டிய ஒன்றும் உண்டு. நெட் தேர்வு வழியாக ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் மதிப்பீட்டில் தேறினால் 42,000 ரூபாய். இவை 2023 முதல் உள்ள தொகைகள். வீட்டு வாடகைப் படி தனி. பிஎச்.டி. முடிய ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். புற்றுநோய் ஆய்வு என்றதும் தெருவில் யாராவது பயாப்ஸி அறிக்கையைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். கதிர்வீச்சுச் சிகிச்சையைத்தான், “கரண்ட் வைக்கச் சொல்கிறார்கள், வைக்கலாமா?” என்று கேட்பார்கள். நாம் மருத்துவர் இல்லை. அறிக்கையைப் படித்துப் பொருள் சொல்லாமல், எந்தத் துறையில் யாரைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லி, முடிந்தால் உடன் போய் வாருங்கள். மருத்துவர் சொன்ன சிகிச்சையைத் தள்ளிப்போடும்படி ஒரு வார்த்தையும் நம் வாயிலிருந்து வந்துவிடக் கூடாது.

கடைசியாக, ஆய்வகங்களுக்குக் கடிதம் எழுதுவது. “உங்கள் மதிப்புமிக்க ஆய்வகத்தில் சேர ஆவலாக உள்ளேன்” என்று ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பினால் ஒருவரும் படிக்க மாட்டார்கள். ஓர் ஆய்வகத்தைத் தேர்ந்தெடுங்கள். அவர்களின் அண்மைக் கட்டுரை ஒன்றைப் படங்களோடு முழுவதும் படியுங்கள். எந்தப் படம் உங்களை யோசிக்க வைத்தது, அதில் உங்களுக்கு என்ன கேள்வி எழுந்தது, அடுத்து எந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம் என்று நினைக்கிறீர்கள் என்பதை ஐந்தாறு வரிகளில் எழுதுங்கள். உங்கள் கையால் செய்த முறைகளை மட்டும் குறிப்பிடுங்கள். பார்த்ததைப் பார்த்தது என்றே எழுதுங்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். அதற்குள் அடுத்த ஆய்வகத்தின் கட்டுரையை எடுத்துப் படிக்கத் தொடங்கிவிடுங்கள்.